புல் தின்னத் தெரியாத ஆறு மாடுகள்

பெற்றவர்கள் அவளுக்கு ஒரு நல்ல பெயர்தான் வைத்தார்கள். ஆனால் பேச்சு வந்த நாளிலிருந்து அவள் எதைப் பார்த்தாலும் 'சீ' என்பாள். பாலில் ஆடை மிதந்தால் சீ. ஈரக் காலோடு யாராவது உள்ளே வந்தால் சீ. விருந்தாளி ஒருவர் பக்கத்து அறையில் மூக்கைச் சிந்தினால் இவள் இந்த அறையில் சீ என்பாள். அவளுக்குப் பின் பிறந்த தம்பிக்கு 'அக்கா' என்று கூப்பிட வாய் திரும்பியபோது, அடிக்கடி காதில் விழுந்த அந்தச் சீயையும் சேர்த்து 'சீயக்கா' என்று கூப்பிட்டான். வீடே விழுந்து விழுந்து சிரித்தது. கண்ணில் பட்டால் எரியும், அழுக்கை எடுக்காமல் விடாது, சீயக்காய்க்கும் இவளுக்கும் என்ன வித்தியாசம் என்றார்கள். அன்றோடு சொந்தப் பெயர் போயிற்று.

அருவருப்பு அதிகம் உள்ளவர்கள் செய்யவே கூடாத வேலை ஒன்று உண்டென்றால் அது விடுதியில் அறை சுத்தம் செய்வது. சீயக்கா அதைத்தான் வேலைக்குப் போன காலம் முழுக்கச் செய்தாள். குளியலறைச் சல்லடையில் சிக்கிய முடிப் பந்து, மெத்தைக்கு அடியில் ஒட்டியிருக்கும் சூயிங்கம், தலையணை உறையில் முகம் அப்படியே பதிந்த எண்ணெய்க் கறை. ஒவ்வொன்றுக்கும் ஒரு சீ. சாத்திய கதவுக்குப் பின்னால் இருந்து இந்தச் சத்தம் கேட்டு ஒரு வாடிக்கையாளர் புகார் கொடுத்தார். மேனேஜர் கூப்பிட்டு விசாரித்தார்.

"ரூமைக் கழுவுறியா, திட்டுறியா?"

"ரெண்டும்தான் சார். திட்டாம கழுவினா அழுக்கு போகாது."

அவள் கழுவிய அறைகளைப் பற்றி மட்டும் ஒரு குறையும் வந்ததில்லை என்பதால் அவர் அதற்குமேல் பேசவில்லை.

கல்யாணமும் ஆயிற்று. அதிக காலம் நிலைக்கவில்லை. புருஷன் குடிகாரனில்லை, கை நீட்டுகிறவனில்லை. சாப்பிட்டு முடித்ததும் அதே தட்டில் கை கழுவுவான். அதோடு விட்டானா? அதிலேயே வாயையும் கொப்பளிப்பான். எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். பிரிந்து வந்த பிறகு யார் கேட்டாலும் ஒளிக்காமல் சொல்வாள்: "அந்த மனுஷன் மேல எனக்குக் கோபமே கிடையாது. அந்தத் தட்டை நினைச்சாதான் குமட்டுது."

விடுதியை இடித்துக் கடைகள் கட்டப் போகிறார்கள் என்றானபோது அவளுக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. ஊருக்கு வெளியே தம்பிக்குக் கொஞ்சம் புல் நிலம் இருந்தது. நாலைந்து மாடு வைத்துப் பால் ஊற்றிக்கொண்டிருந்தான். ஒரு பெட்டியும் இரண்டு பாட்டில் பினாயிலுமாக அங்கே போய் இறங்கினாள். மாட்டுக் கொட்டகையில் இவள் எப்படி ஒரு நாள் தாக்குப்பிடிப்பாள் என்று தம்பி மனைவிக்குக் கவலை. ஆனால் சீயக்காவுக்கு அந்த மேய்ச்சல் நிலம் ஒத்துப்போய்விட்டது. "புல்லைத் தின்னுட்டுப் போடுற சாணிக்கு ஒரு நியாயம் இருக்கு. மனுஷன் போட்டுட்டுப் போறதுக்கு என்ன நியாயம்?" என்பாள். மூக்கில் துணி, கையில் ரப்பர் உறை, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், மேலே மழைக்கோட்டு. வெயில் காலத்திலும் இதுதான் உடுப்பு. கொட்டகை விடுதி அறை மாதிரி இருந்தது.

இந்த நிலையில்தான் தம்பி ஒரு நாள் குதித்துக்கொண்டு வந்தான். பக்கத்து நகரத்தில் ஒரு பெரிய கொட்டகையில் மாடுகளைக் குறைக்கிறார்களாம். கறவை மாடுகள் சல்லிசாகக் கிடைக்கின்றனவாம். தம்பி எதையும் ஆற அமர யோசிக்கிற ஆளில்லை. கெட்டவனும் இல்லை. அவசரக்காரன். கையில் வைத்திருக்கும் டீ ஆறுவதற்குள் மூன்று முடிவு எடுப்பான்.

"நீயும் வாக்கா. உன் கண்ணுக்குத் தப்பினது எதுவும் கிடையாது."

போனார்கள். தெருவில் வண்டி திரும்பும்போதே நாற்றம் வந்தது. சீயக்காவுக்கு எல்லா நாற்றமும் தரம்பிரித்துத் தெரியும். இது சாணி நாற்றம் மட்டும் அல்ல. புளித்த மாவு, ஊசிப்போன காய்கறி, சீழ், இவற்றுக்கு மேல் எதையோ மறைக்கத் தெளித்த வாசனைத் திரவம். வாசனைத் திரவத்துக்குத்தான் அவள் முதலில் சீ என்றாள்.

கொட்டகை இரண்டு மதில்களுக்கு நடுவில் நீளமாக, ஜன்னல் இல்லாமல் இருந்தது. மின்விளக்கு வெளிச்சத்தில் மாடுகள் வரிசையாக நின்றன. கழுத்துச் சங்கிலி ஒரு முழம்தான். படுக்கலாம், எழலாம், திரும்ப முடியாது. பின்பக்கம் சாணி காய்ந்து, அதன் மேல் இன்னொரு அடுக்கு காய்ந்து, தொடையில் ஓடு போர்த்தியது போல் இருந்தது. குளம்புகள் வெட்டப்படாமல் வளர்ந்து நுனி மேல்நோக்கிச் சுருண்டிருந்தன. தொட்டியில் ரொட்டிக் கடையில் மிஞ்சிய துண்டுகளும் காய்கறி மார்க்கெட் குப்பையும் கலந்து கிடந்தன. கொட்டகைக்காரர் அந்தத் தொட்டிக்குள் கையை விட்டுக் கிளறி, "எல்லாம் சத்தான தீனிங்க" என்று சொல்லிவிட்டு, அதே கையால் டீ கிளாஸை எடுத்து நீட்டினார்.

"எனக்கு வேணாம்," என்றாள் சீயக்கா.

"சர்க்கரை இல்லாம போடச் சொல்லட்டுமா?"

"கிளாஸே வேணாம்."

தம்பி ஐந்து மாடுகளைத் தேர்ந்தெடுத்திருந்தான். கடைசியில் மூலையில் நின்ற ஒரு செவலை, எதையோ விடாமல் மென்றுகொண்டிருந்தது. கடைவாயில் ஏதோ வெள்ளையாகத் தொங்கியது. சீயக்கா உறை போட்ட கையால் அதைப் பிடித்து இழுத்தாள். பாலிதீன் பை. வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. எச்சிலும் நுரையும் கோழையுமாக ஒரு கை நீளத்துக்கு வெளியே வந்து, பிறகு அறுந்து மீதி உள்ளே போய்விட்டது. மாடு அவள் கையில் இருந்த துண்டைத் திரும்பக் கேட்பது போல் நாக்கை நீட்டியது.

"அது கொஞ்சம் வாய் சும்மா இருக்காதுங்க," என்று கொட்டகைக்காரர் சிரித்தார். பல்லெல்லாம் தெரிந்தது.

சீயக்கா அவர் பல்லிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பையைத் தரையில் எறிந்துவிட்டுத் தம்பியிடம் சொன்னாள்: "இதையும் ஏத்து."

"இதுவா? எலும்பு எண்ணலாமேக்கா."

"ஏத்துடா. இந்த ஆள் கையால இன்னொரு வேளை இது திங்கக் கூடாது."

பரிதாபத்தில் வாங்கியதாகத் தம்பி பிறகு எல்லோரிடமும் சொன்னான். பரிதாபம் இல்லை. அந்தச் சிரிப்பின் மேல் இருந்த அருவருப்புதான்.

வீட்டுக்கு வந்து லாரியின் பின்பலகையைச் சரிவாகப் போட்டதும் ஆறும் இறங்க மறுத்தன. சரிவு என்றால் என்னவென்றே அவற்றுக்குத் தெரியவில்லை. ஒருவழியாக இறக்கினால், வாசல் சிமெண்ட்டை விட்டு நகரவில்லை. எதிரே இரண்டே எட்டில் முழங்கால் உயரப் புல். முன்னால் நின்ற கறுப்பு மாடு ஒரு காலைப் புல்லில் வைத்துவிட்டு, சுட்டது போல் வெடுக்கென்று எடுத்துக்கொண்டது. காற்றில் புல் அசைந்தபோது ஆறும் ஒன்றன் மேல் ஒன்று முட்டிக்கொண்டு பின்வாங்கின.

தம்பி இடுப்பில் கை வைத்து நின்றான். "புல்லு தின்னத் தெரியாத மாடா! இதை வெளியே சொன்னா நம்மளைத்தான் மாடும்பாங்க."

மாட்டு டாக்டர் வந்தார். நடுத்தர வயசு, அதிகம் பேசமாட்டார். ஒவ்வொரு மாட்டின் இடது விலாவிலும் கையை வைத்துக் காதைச் சாய்த்துக் கேட்டார். செவலையிடம் மட்டும் கொஞ்சம் அதிக நேரம் நின்றார்.

"கொஞ்ச வாரத்துக்கு உங்க பழைய மாடுங்களோட சேர்க்காதீங்க, நோய் இருந்தா ஒட்டிக்கும். தீனியைத் திடீர்னு மாத்தாதீங்க. பழைய மாதிரி ரொட்டித் தூளே கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமா குறைங்க. புல்லுக்கு விடுறதுக்கு முன்னாடி வயிறு நிறைய வைக்கோல் போடணும். பனி காஞ்சப்புறம்தான் விடணும். முதல்ல கொஞ்ச நேரம், அப்புறம் கூட்டிக்கலாம். வயித்துக்குள்ள இருக்கற கிருமியே புல்லுக்குப் பழகணும்மா."

"கிருமியா? உள்ள கிருமி இருக்கா?" என்றாள் சீயக்கா.

"அது இல்லைன்னா மாடே இல்லம்மா."

அன்றைக்கு அவள் சோறு இறங்காமல் எழுந்துவிட்டாள்.

அடுத்து குளம்பு வெட்டுகிறவர் வந்தார். கட்டிப்போட்டு, சுருண்ட குளம்பை அரிவாள் போன்ற கத்தியால் சீவினார். கறுப்பு மாட்டின் பின்குளம்பில் கத்தி பட்டதும் பொத்தென்று உடைந்து சாம்பல் நிறத்தில் ஒரு குழம்பு வழிந்தது. விடுதியில் செத்த எலியைக் கட்டிலடியில் ஒரு வாரம் கழித்து எடுத்தவள் சீயக்கா. அந்த எலி இதற்குப் பக்கத்தில் நிற்க முடியாது. திரும்பி ஓரமாகப் போய் வாந்தியெடுத்துவிட்டு, வாயைக் கழுவிக்கொண்டு வந்து, மறுபடியும் காலைப் பிடித்தாள்.

"பழகிடும்மா," என்றார் குளம்புக்காரர்.

"பழகக் கூடாது," என்றாள். "பழகினா நாமளும் அந்த ஆள் மாதிரி அதே கையில டீ குடிப்போம்."

புல் பழக்குகிற வேலை அவள் தலையில் விழுந்தது. கொட்டகைக்குப் பின்னால் ஒரு துண்டு நிலத்தைக் கம்பி வேலி போட்டுப் பிரித்தார்கள். தினமும் வைக்கோல் தின்ன வைத்து, பனி காய்ந்த பிறகு ஆறையும் அங்கே ஓட்டிக்கொண்டு போய் நிற்பாள். அவை வேலியோரம் வரிசையாக, சங்கிலி இல்லாமலே சங்கிலி போட்டது போல் நிற்கும். தலை குனியாது. யாரோ தொட்டியை நிரப்புவார்கள் என்று காத்திருக்கும். தொட்டியில் புல்லை அறுத்துப் போட்டால் தின்றன. தரையில் நிற்கிற அதே புல்லைத் தின்னத் தெரியவில்லை. நாக்கைச் சுழற்றிப் பிடித்து இழுக்க வேண்டும் என்கிற விஷயமே அவற்றுக்குப் பிடிபடவில்லை.

அவள் தொட்டியைப் புல்லுக்கு நடுவில் கொண்டுபோய் வைத்தாள். பிறகு அறுத்த புல்லைத் தொட்டியைச் சுற்றிச் சிந்தி வைத்தாள். சிந்தியதைப் பொறுக்கும்போது தவறியாவது தரையில் நிற்கிற புல் வாயில் பட வேண்டுமே. பட்டது. பழுப்பு மாடு ஒன்று வாயில் மாட்டிய புல் வராமல் முரண்டு பிடித்ததைக் கண்டு பயந்து கத்தியது. செவலை மட்டும் இவை எதிலும் சேரவில்லை. காற்றில் எங்கிருந்தாவது ஒரு பை பறந்து வந்தால் போதும், வளர்ந்த மாடு கன்று மாதிரி துள்ளி ஓடும். சீயக்கா அதற்கு முன்னால் ஓடிப் பொறுக்க வேண்டும். தினமும் காலையில் நிலம் முழுக்க நடந்து காகிதம், கயிறு, பை என்று வாளி நிறையப் பொறுக்கினாள். வேலிக்கு அந்தப் பக்கம் நடந்து போகிறவர்கள் மிட்டாய்த் தாளை உள்ளே எறிந்தால் திருப்பி அவர்கள் மேலேயே எறிவாள்.

அப்புறம் வயிறு கழிய ஆரம்பித்தது. புதுப் புல் உள்ளே போனதும் ஆறும் பச்சைத் தண்ணீராகப் பீச்சின. வாலில் அதை நனைத்து ஈ ஓட்டின. ஒரு வீச்சு சீயக்காவின் மூக்குத் துணியை விலக்கி முகத்தில் நேராக விழுந்தது. உதட்டில் பட்டது. தம்பி மனைவி பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டாள்.

"அண்ணி, வெந்நீர் போடட்டுமா?"

"நெருப்பே போடு. மூஞ்சியைக் காய்ச்சி எடுத்தாதான் போகும்."

எத்தனை முறை குளித்தாலும் தன்மேல் நாற்றம் வருவதாக அவளுக்குப் பட்டது. பால் என்ற சொல்லே பிடிக்காமல் போனது. கடுங்காப்பி குடிக்க ஆரம்பித்தாள். ஆனாலும் மறுநாள் பனி காய்ந்ததும் நிலத்தில் நிற்பாள். ஒவ்வொரு மாட்டின் சாணியையும் குனிந்து பார்த்து, இன்று நேற்றைவிடக் கெட்டியா என்று கவனிப்பாள். முகம் கோணிக்கொண்டு, கண் மட்டும் விலகாமல்.

தம்பிக்குப் பொறுமை போயிற்று. பால் ஏறவில்லை. "ஊர்ல எவன் மாட்டுக்குச் சாப்பிடச் சொல்லித் தர்றான்? பசிச்சா தானா திங்கும். நீ ஊட்டி ஊட்டிக் கெடுக்கற."

"டாக்டர் சொன்னதைத்தான் செய்யறேன்."

"டாக்டருக்கு மாடு இருக்கா?"

நிலத்தின் மறுகோடியில் குதிரைமசால் என்ற தீவனப் பயிர் போட்டிருந்தான். மாட்டுக்கு மிட்டாய் மாதிரி. பழைய மாடுகளுக்கே அறுத்து, வாட வைத்து, அளவாகத்தான் போடுவார்கள். பச்சையாக, ஈரமாக, பசித்த வயிற்றில் தின்றால் உள்ளே நுரைத்துக்கொண்டு வயிறு உப்பிவிடும்.

சீயக்காவுக்குக் கடைவாய்ப் பல் ஒன்று நெடுநாளாகத் தொந்தரவு கொடுத்துக்கொண்டிருந்தது. பல் டாக்டரின் துப்புகிற கிண்ணத்தை நினைத்தே போகாமல் இழுத்தடித்தவள், இனி முடியாது என்று ஒரு காலை கிளம்பினாள். முதல் நாள் மழை பெய்திருந்தது. "வைக்கோல் மட்டும் போடு. கதவைத் திறக்காதே. நான் வந்து பார்த்துக்கறேன்," என்று தம்பியிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனாள்.

பல்லைப் பிடுங்கி, மரத்துப்போன பாதி வாயோடு அவள் திரும்பியபோது தம்பி மனைவி சாலையிலேயே நின்றிருந்தாள். "அண்ணி, சீக்கிரம் வாங்க. மாடு பலூன் மாதிரி ஆயிடுச்சு."

தம்பி வைக்கோல் போடவில்லை. பசி இருந்தால்தான் கற்றுக்கொள்ளும் என்று வெறும் வயிற்றோடு ஆறையும் மசால் துண்டுக்குள் விட்டிருந்தான். குனியத் தெரியாது என்று நினைத்த மாடுகள் அங்கே மட்டும் நன்றாகக் குனிந்திருந்தன. நான்கு தப்பித்தன. கறுப்பும் செவலையும் இடது பக்க வயிறு முதுகுக்கு மேலே உப்பி, தோல் தெறித்துவிடும் போல் நின்றன. வாயில் நுரை. கண் வெளியே தள்ளியிருந்தது.

டாக்டருக்குப் போன் போட்டார்கள். அவர் வந்துகொண்டே சொன்னார்: முன்கால் மேடான பக்கம் நிற்கட்டும், படுக்க விடாதீங்க, வாயில் குறுக்கே ஒரு குச்சியைக் கட்டுங்க, சமையல் எண்ணெயைக் கடைவாய் ஓரமா மெதுவா விடுங்க, நாக்கை இழுத்தா புரையேறிடும். சீயக்கா அதைத் திருப்பிச் சொல்ல முயன்றால் மரத்த வாயில் இருந்து 'ழ்ழ' என்றுதான் வந்தது. சைகையால் ஏவினாள். தம்பி மனைவி எண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். தம்பி என்ன செய்வது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தான்.

கறுப்பு மாட்டுக்கு எண்ணெய் இறங்கி, நடக்க வைத்ததும் ஒரு ஏப்பம் விட்டது. அழுகிய முட்டையும் புளித்த புல்லும் கலந்த சூடான காற்று சீயக்காவின் முகத்தில் அடித்தது. அவள் நகரவில்லை. இன்னொன்று விட்டது. கொஞ்சம் கொஞ்சமாக விலா இறங்கியது.

செவலைக்கு எண்ணெய் உள்ளேயே போகவில்லை. டாக்டர் வந்து வாய் வழியாக ரப்பர் குழாய் விட்டார். அது பாதியில் எதன்மேலோ முட்டி நின்றது. கூரான குழாயை விலாவில் குத்தினார். காற்று வரவேண்டிய இடத்தில் பச்சை நுரை கொப்பளித்து அவள் மழைக்கோட்டு முழுக்க வழிந்தது. பிறகு அதுவும் அடைத்துக்கொண்டது. செவலை முன்னங்காலை மடித்து, பக்கவாட்டில் சாய்ந்து, நாக்கை நீட்டியபடி அடங்கிவிட்டது.

"திறந்து பார்க்கணும்," என்றார் டாக்டர்.

வயிற்றைக் கிழித்ததும் மசால் நுரை முதலில் வந்தது. அதற்குப் பின்னால் டாக்டர் இரண்டு கையாலும் பிடித்து ஒரு உருண்டையை வெளியே இழுத்தார். தலையணை அளவுக்கு இருந்தது. பைகள் ஒன்றோடொன்று முறுக்கி, கயிறாகி, இறுகி, நடுவில் ஒரு செருப்பு வார், ஒரு பால் பாக்கெட், சாக்குத் தைக்கும் நூல், ஒரு குழந்தையின் சாக்ஸ். ஒரு பையின் மேல் இருந்த கடைப் பெயரின் எழுத்துகள் கூட அழியவில்லை. நாற்றத்தில் தம்பி மனைவி வீட்டுக்குள் ஓடிவிட்டாள். சீயக்கா மட்டும் அங்கேயே நின்றாள். வாய் மரத்திருந்ததால் எதுவும் சொல்ல முடியவில்லை.

டாக்டர் கை கழுவிக்கொண்டே சொன்னார்: "இவ்வளவு உள்ள இருந்தா ரொம்ப நாள் தாங்காது. முதல் நாளே எனக்குச் சந்தேகம் இருந்துச்சு. ஆனா இன்னைக்குக் காலைல வெறும் வயித்துல ஈர மசால் திங்கலைன்னா இன்னைக்குச் செத்திருக்காது."

அப்போதுதான் அவள் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். டாக்டரின் முதல் வாக்கியத்திலேயே அவனுக்கு மூச்சு வந்துவிட்டது. தோள் இறங்கியது. நெற்றியைத் துடைத்துக்கொண்டான். கடைசி வாக்கியம் அவன் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை.

"பார்த்தியாக்கா? பிளாஸ்டிக்தான் கொன்னிருக்கு."

திறந்து கிடந்த வயிற்றைவிட அவன் முகத்தில் வந்த அந்த நிம்மதி அவளுக்குக் குமட்டியது. ஓரமாகப் போய் உட்கார்ந்தாள்.

செவலையைப் புதைத்தார்கள். மறுநாளிலிருந்து தம்பி போகிற இடமெல்லாம் அதே கதைதான். டீக்கடையில், தீவனக் கடையில், பால் ஊற்றுகிற இடத்தில். "வயித்துல மூட்டை பிளாஸ்டிக். அந்தப் பாவி கொட்டகைக்காரன் நம்ம தலையில கட்டிட்டான்." கேட்டவர்கள் உச்சுக் கொட்டினார்கள். ஒவ்வொரு தடவையும் உருண்டை கொஞ்சம் பெரிசானது. மசாலைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

சீயக்கா அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அவன் உட்கார்ந்தால் எழுந்து போனாள். கடைசியில் அவனே கேட்டான்.

"என்னக்கா, நான் என்ன வேணும்னா செஞ்சேன்?"

"வேணும்னு செய்யல. தெரியும்."

"அப்புறம் ஏன் மூஞ்சியைத் திருப்பற?"

"அந்த மாட்டோட நாத்தம் குளிச்சதும் போயிடுச்சுடா. நீ டீக்கடையில பேசற நாத்தம் போகவே மாட்டேங்குது. அந்தக் கொட்டகைக்காரன் சிரிச்சானே, அதே சிரிப்பு உன் வாயிலயும் வருது. எனக்கு உன் பக்கத்துல உட்கார முடியல."

அவன் எழுந்து கதவைப் படாரென்று சாத்திக்கொண்டு போனான். இரண்டு பேரும் பேசாமல் பல நாள் போயிற்று. தம்பி மனைவி இருவருக்கும் நடுவில் தபால்காரி ஆனாள். "அண்ணி, அவர் வைக்கோல் இறக்கிட்டாராம்." "இறக்கட்டும்னு சொல்லு."

ஒரு நாள் வைக்கோல் லாரிக்காரர் செவலையைப் பற்றி விசாரித்தார். சீயக்கா கொட்டகைக்குள் தொட்டி கழுவிக்கொண்டிருந்தாள். தம்பி வழக்கம் போலத் தொடங்கி, பாதியில் நிறுத்தினான். தொண்டையைச் செருமினான். "பிளாஸ்டிக் இருந்துச்சு. ஆனா மசாலுக்குள்ள விட்டது நான்தாங்க. அக்கா வேணாம்னு சொல்லிட்டுத்தான் போனாங்க. நான்தான் கேட்கல." அவள் இருப்பது தெரிந்து சொன்னானா, தெரியாமல் சொன்னானா என்று அவளுக்குப் புரியவில்லை. தொட்டியைக் கழுவி முடித்தாள். அன்று சாப்பிடும்போது எழுந்து போகவில்லை. அவ்வளவுதான். சமாதானப் பேச்சு எதுவும் நடக்கவில்லை. நிலத்துக் கதவின் சாவியை மட்டும் அவன் அவள் பக்கம் தள்ளி வைத்தான்.

மீதி ஐந்தையும் அவள் ஆரம்பத்திலிருந்து பழக்கினாள். டாக்டர் பிரித்து வைக்கச் சொன்ன கெடு முடிந்ததும் வீட்டின் கிழட்டு மாட்டை அவற்றோடு சேர்த்து விட்டாள். பழகின மாடு மேய்வதைப் பார்த்துப் புதுசு கற்றுக்கொள்ளும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கிழட்டு மாடு கற்றுத் தருகிற ஜாதியில்லை. வைக்கோல் தொட்டியை மொத்தமாக வளைத்துக்கொண்டு, கிட்டே வந்ததையெல்லாம் முட்டி விரட்டியது. தின்ன ஒன்றும் கிடைக்காமல் ஐந்தும் புல்லில் போய் நின்றன. வேறு வழியில்லாமல் தலை குனிந்தன. கறுப்பு மாடு நாக்கை நீட்டி, ஒரு கொத்தைச் சுற்றி வளைத்து, 'சரக்' என்று அறுத்தது. பயந்து நிமிர்ந்து சுற்றுமுற்றும் பார்த்தது. மறுபடியும் குனிந்தது. அடுத்து பழுப்பு. கொஞ்ச நேரத்தில் நிலம் முழுக்கச் சரக் சரக் என்று கேட்டது. சீயக்கா மூக்குத் துணியை இறக்கிவிட்டுக்கொண்டு கேட்டாள். நாற்றமடிக்காத ஒரு சத்தம் என்று அதைத் தம்பி மனைவியிடம் சொன்னாள்.

சாணி கெட்டியானது. தொடையில் இருந்த ஓடுகள் மழையில் ஊறி உதிர்ந்து, அடியில் இப்படி ஒரு நிறமா என்று கேட்கும்படி பழுப்பும் கறுப்பும் பளபளத்தன. பாலும் ஏறியது. ஒன்று மட்டும் கடைசிவரை சரியாக மேயவில்லை. காலித் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, பார்க்கிறவர்களிடமெல்லாம் கத்தும். அதற்கு இன்றைக்கும் சீயக்காதான் புல்லை அறுத்துப் போடுகிறாள், திட்டிக்கொண்டே. இப்போது அக்கம்பக்கத்தில் யார் மாடு வாங்கினாலும் அவளைக் கூப்பிடுகிறார்கள். மழைக்கோட்டோடு போய், முதலில் அவர்கள் கொட்டகையைக் கண்டபடி ஏசிவிட்டுத்தான் மாட்டைப் பார்ப்பாள்.

குளிர் குறைந்த ஒரு காலையில் கறுப்பு மாடு மேய்ச்சல் நிலத்திலேயே கன்று போட்டது. சீயக்கா ஓடிப்போய்க் கன்றின் மூக்கில் மூடியிருந்த வழவழப்பான சவ்வைக் கிழித்தாள். விரலிடுக்கெல்லாம் இழுபட்டது. தாய் கன்றை நக்கியது. கொட்டகையில் பிறந்து, கொட்டகையில் வளர்ந்த மாடு, யாரும் சொல்லாமல், தலையிலிருந்து கால்வரை நக்கியது. நல்லது என்று அவள் கை கழுவப் போனாள். திரும்பி வந்து பார்த்தால், கீழே விழுந்த நஞ்சுக்கொடியை மாடு வாயில் கவ்வி, பாதியை விழுங்கியிருந்தது. மீதி, ரத்தமும் சவ்வுமாகக் கடைவாயில் தொங்கியது. விழுங்கினால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். உறை கூடப் போடாமல் அவள் அதைப் பிடித்து இழுக்க, மாடு விடாமல் இழுக்க, இருவரும் வட்டம் சுற்றினார்கள்.

"ஒரு வாய் புல்லு தின்ன வைக்க நான் மாசக்கணக்குல செத்தேன்," என்று பல்லைக் கடித்துக்கொண்டு கத்தினாள். "இதை மட்டும் உனக்கு எந்த நாய் சொல்லிக் கொடுத்துச்சு?"

தம்பி வேலியைத் தாண்டி ஓடிவந்து, தொங்கிய சவ்வை வெறும் கையால் அவளோடு சேர்ந்து பிடித்தான்.